பிஸ்கட் பேணியும் ஆறு செக்கன்களும்: ஒரு 16 மி.மீ. பிரதியின் நிகழ்வு ஆய்வு

சென்ற மாசி மாதம் ஒரு காலை, பழைய இரும்பு வாங்கி விற்கும் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்துத் திருத்துகிறார்கள், பரணிலிருந்து நான்கு பெரிய தட்டைப் பேணிகளும் ஒரு புரொஜெக்டரும் இறங்கியிருக்கின்றன, எல்லாவற்றையும் நிறைக்குப் போட வீட்டார் தயார் என்றார். "பேணிக்குள் பிலிம் இருக்கிறது ஐயா. தகரமெல்லாம் துரு, கிலோக் கணக்கில் ஒன்றும் தேறாது. நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்." தேறாது என்பதால்தான் எனக்கு அழைப்பு வந்தது. தேறியிருந்தால் அவை அன்றைக்கே லொறி ஏறியிருக்கும்.

இந்த ஆய்வு அந்த நான்கு பேணிகளையும், பிறகு வந்து சேர்ந்த ஒரு பிஸ்கட் பேணியையும் பற்றியது. படத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. 1960-களின் நடுப்பகுதியில் தமிழ்நாட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைச் சமூகப் படம் என்பது போதும். பெயர் தெரிந்தால் விலை கேட்டு ஆட்கள் அந்த வீட்டுப் படலையில் நிற்பார்கள். அங்கே இருக்கும் அம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது.

அவருடைய கணவர் ஊர் ஊராகப் படம் காட்டியவர். கோயில் திருவிழா, கல்யாண வீடு, வாசிகசாலை ஆண்டு விழா என்று எங்கே அழைத்தாலும் புரொஜெக்டரும் திரைச்சேலையும் ஜெனரேட்டருமாகப் போவார். தம்பலகாமத்துக்கு மாட்டுவண்டியில் போன கதையும், மூதூருக்கு லாஞ்சில் கொட்டியாரக்குடாவைக் கடந்தபோது ரீல் பெட்டியை மடியில் வைத்திருந்த கதையும் அம்மாவிடம் உண்டு. கிண்ணியாவுக்கு அந்நாளில் 'பாதை' என்னும் மிதவைப் படகில்தான் போகவேண்டும். 396 மீற்றர் நீளப் பாலம் 2009-இல்தான் திறந்தது. ஒருமுறை பாதை நடுவில் நின்றுவிட, மறுகரையில் இருந்தவர்கள் படம் வரும் என்று விடியும்வரை காத்திருந்தார்களாம்.

புரொஜெக்டர் பிரித்தானியக் கடற்படையிடம் வாங்கியது என்பது குடும்பத்தாரின் நம்பிக்கை. 1957 வரை இங்கே அவர்களுடைய தளம் இருந்தது, கப்பல்களில் மாலுமிகளுக்கு 16 மி.மீ.யிலும் படம் காட்டினார்கள் என்பதும் சரி. இயந்திரத்துக்கு 110 வோல்ட் விளக்கு, 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கத் தனி ட்ரான்ஸ்போமர். பிரித்தானியத் தயாரிப்புத்தான். அதற்கு மேல் ஆதாரம் ஏதும் என் கண்ணில் படவில்லை. அம்மாவிடம் அதைச் சொல்லவும் இல்லை.

சின்ன அளவுப் படச்சுருளைப் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். திரையரங்குகளில் ஓடியது 35 மி.மீ. பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922-இல் 9.5 மி.மீ. சுருளைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கொடக்கின் 16 மி.மீ., 1932-இல் 8 மி.மீ., 1965-இல் சூப்பர் 8. எல்லாம் வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் நினைத்துச் செய்தவை. 35 மி.மீ. சுருள் 1950-களின் தொடக்கம் வரை எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றில் வந்தபோதும், 16 மி.மீ. ஆரம்பத்திலிருந்தே அசற்றேற்று அடிப்படலத்தில் வந்தது. மேற்கு நாடுகளில் 8 மி.மீ.யில் கதைப்படம் சேர்ப்பவர்கள் பலர் வைத்திருப்பது படத்தின் சாறுதான். சூப்பர் 8 சுருள் 400 அடி என்றால் ஒலியோடு இருபது நிமிடம் ஓடும், அவ்வளவுக்குள் கதையைச் சுருக்கி விற்றார்கள். எங்கள் பக்கம் முழுப்படம் என்றால் 16 மி.மீ.தான். இலங்கையின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962-இல் 16 மி.மீ.யில் எடுத்தது. 35 மி.மீ.யில் முதலாவதாக வந்த 'தோட்டக்காரி' அதற்கு அடுத்த ஆண்டு.

இத்தகைய பிரதிகளை ஏன் விரட்டிக்கொண்டு திரிகிறாய் என்று வீட்டில் கேட்பதுண்டு. 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது பல இலங்கைப் படங்களின் மூலச்சுருள்கள் அதோடு போயின. மூலம் போனபின் மிஞ்சுவது யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடப்பதுதான். 1927-இல் வெளிவந்த 'மெட்ரோபோலிஸ்' என்ற ஜேர்மன் மௌனப் படத்தில் தொலைந்தே போனதாக எண்ணிய ஏறக்குறைய 25 நிமிடங்கள், 2008-இல் புவனஸ் அயர்ஸ் அருங்காட்சியகம் ஒன்றில் 16 மி.மீ. சுருளில் கிடைத்தன. கீறலும் கறையுமாக இருந்த சுருள் அது. இருந்தும் உலகம் முழுவதும் அதைத்தான் பார்த்தது.

முதல் இரவு

நான் போய்ச் சேருமுன்பே ஒரு சேதம் நடந்துவிட்டது. மூத்த மகன், ஐம்பது வயதுக்காரர், கொடுக்குமுன் அம்மாவுக்கு ஒருமுறை காட்டிவிடலாம் என்று முதல்நாள் இரவு புரொஜெக்டரை ஓட்டியிருக்கிறார். நல்ல மனம்தான். ஆனால் முதல் ரீலில் பதினொரு மீற்றர் தூரம் ஓரத் துளைகள் கிழிந்துவிட்டன. திரையில் அது சரியாக ஒரு நிமிடம். "சத்தம் மாறியது அண்ணன், உடனே நிறுத்திவிட்டேன்" என்றார். உடனே என்பது ஒரு நிமிடம்.

காரணம் இலகுவானது. சுருளை இழுக்கும் புரொஜெக்டரின் நகம் ஒவ்வொரு முறையும் அடுத்த துளை எங்கே இருக்கும் என்று எண்ணிக் குத்துகிறது. 16 மி.மீ. பிரதியில் ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் இடையே 7.62 மி.மீ. படலம் சுருங்கியிருந்தால் துளை சற்று முன்னதாக வந்துவிடும், நகம் விளிம்பில் குத்தும். எனவே பழைய சுருளை ஓட்டுமுன் அளக்கவேண்டும். பிரேம் என்ற ஒவ்வொரு தனிப்படத்துக்கும் ஒரு துளை என்பதால், நூறு பிரேம்களை உருக்கு அடிமட்டத்தின்மேல் இழுக்காமல் படுக்கவைத்தால் 762 மி.மீ. இருக்கவேண்டும். தையற்காரரின் நாடா இதற்கு உதவாது, அதுவே நீண்டு குறுகும். நான் அளந்தபோது முதல் மூன்று ரீல்களும் 757, நான்காவது 755. அதாவது முறையே 0.7 வீதத்துக்குச் சற்றுக் குறைவும் 0.9 வீதமும். ஒரு வீதத்தை நெருங்கும் சுருளைச் சாதாரண புரொஜெக்டரில் விடுவதில்லை என்பது என் கட்டுப்பாடு. மகனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவர்மீது எனக்குக் குறை இல்லை.

சுருளின் ஓரத்தில் 'ஓர்வோ' என்ற எழுத்து தெளிவாக இருந்தது. கிழக்கு ஜேர்மனியின் வொல்பன் தொழிற்சாலை அந்தப் பெயரை 1964-இல்தான் எடுத்தது. எனவே இந்தப் பிரதி அதற்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது. கொடக் சுருளாக இருந்தால் வட்டம், சதுரம், முக்கோணம், கூட்டல்குறி என்று ஆண்டுக்குறிகள் இருந்திருக்கும், ஆனால் அவை இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் தலைவலி வேறு. ஒருபக்கம் மட்டும் துளை, மறுபக்கம் ஒலித்தடம். முதல் ரீலின் தலையில், நல்லவேளையாகக் கிழிந்த பகுதிக்கு முன்னால், இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் முழுதாக இருந்தது.

இந்தச் சான்றிதழைப் பொழுதுபோக்காகப் பார்த்துவிட்டு விடுபவர்கள் உண்டு. சேர்ப்பவனுக்கு அதுதான் பற்றுச்சீட்டு. படத்தின் நீளம் அதில் இருக்கிறது: 35 மி.மீ.யில் 4,500 மீற்றர். 16 மி.மீ.யில் அதையே எடுத்தால் நீளம் பத்தில் நான்கு பங்கு. அடிக்குப் பதினாறு பிரேம் கொண்டது நாற்பதாகிறது, அவ்வளவுதான். ஆகவே 1,800 மீற்றர் இருக்கவேண்டும். நான்கு ரீலையும் எண்ணுகருவியில் சுற்றி எடுத்தபோது 1,510 மீற்றர்தான் இருந்தது. 290 மீற்றர், இருபத்தாறு நிமிடத்துக்கு மேல், காணவில்லை.

பேணிக்குள் பேணி

ஒரு வாரம் கழித்து மூன்றாவது முறை போனபோது அம்மா உள்ளே போய் ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்தார். மூடியைச் சுற்றிக் கறுப்பு மின்நாடா, மூன்று சுற்று. படுக்கையறை அலுமாரியில் சேலைகளுக்கு இடையே நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்தது. "அவருடைய பாட்டு ரீல். இதை நீங்கள் மகனிடம் கொடுக்கக் கூடாது" என்றார்.

படம் முடிந்த பிறகும் சனம் எழும்பாமல் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்குமாம். அதற்காக அவர் பல படங்களிலிருந்து பாட்டுக் காட்சிகளை வெட்டி ஒன்றாக ஒட்டி வைத்திருந்தார். காணாமற்போன இருபத்தாறு நிமிடம் எங்கே போனது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

இனி என் தவறைச் சொல்லவேண்டும். நாடாவை உரித்து மூடியைத் திறந்ததும் நப்தலீன் வாசம் மூக்கில் அடித்தது. பூச்சி வராமல் ஆறேழு உருண்டைகள் போட்டிருந்தார்கள். எனக்கு வேறெந்த வாசமும் வரவில்லை, எனவே நோய் இல்லை என்று முடிவுகட்டினேன். உவர்மலையில் என் வீட்டு இரும்பு அலுமாரியில், என்னுடைய முப்பது ரீல்களோடு அந்தப் பேணியையும் வைத்துப் பூட்டினேன். கதவைத் திறந்தது பத்தொன்பதாவது நாள். அறை முழுக்க வினாகிரி.

அசற்றேற்றுப் படலம் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்தால் சிதைந்து அசற்றிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். வெளியேற வழி இல்லாவிட்டால் சுருள் தன் மூச்சிலேயே மூழ்கும். பக்கத்தில் இருக்கும் நல்ல சுருளும் அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். இந்த நோய் உலகுக்குத் தெரியவந்த விதம் எங்கள் காலநிலைக்காரர் கேட்கவேண்டியது. அசற்றேற்றின் பிற்கால வகையான மூவசற்றேற்றுப் படலம் 1948 அளவில் வந்தது. பத்தாண்டு முடியுமுன் முதல் முறைப்பாடு கொடக் நிறுவனத்துக்குப் போனது இந்திய அரசிடமிருந்து. சூடும் புழுக்கமுமான இடத்தில் வைத்திருந்த சுருள்கள் அவை. சித்திரை தொடங்கி ஆவணி வரை 33, 34 பாகையில் வேகும் திருகோணமலையில், கடல் ஈரமும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்.

அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் உள்ள நிறுவனம் ஒன்று இந்த அமிலத்தை அறிய ஒரு சோதனைத் தாள் செய்கிறது. புரோமோகிரசோல் பச்சை தோய்த்த சின்னத் துண்டு. சுருளோடு மூடிவைத்தால் நீலம் பச்சையாகும், நோய் முற்றியிருந்தால் மஞ்சளாகும். வெளிநாட்டு நண்பர் கொண்டுவந்த தாள் கொஞ்சம் என்னிடம் இருந்தது. கஞ்சத்தனத்தால் பிஸ்கட் பேணிக்கு அதைச் செலவழிக்கவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் வைத்தேன். பரணில் இருந்த நான்கு ரீல்களும் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில். பாட்டு ரீல் எலுமிச்சை மஞ்சள். என் முப்பதில் இரண்டு, முன்பு நீலமாக இருந்தவை, பச்சைக்குத் திரும்பியிருந்தன. பாட்டு ரீலின் நூறு பிரேம்களை அளந்தபோது 744 மி.மீ. கிட்டத்தட்ட 2.4 வீதச் சுருக்கம்.

இந்த நிகழ்வில் நான் மற்றவர்களுக்குச் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. பரண் அந்த வீட்டிலேயே சூடான இடம். அங்கே இருந்த பேணிகள் துருவால் ஓட்டை விழுந்து, மூடி பொருந்தாமல், பல்லி குடியிருந்தவை. அவை தேறிவிட்டன. படுக்கையறை அலுமாரி நிழலும் குளிர்ச்சியுமான இடம். அங்கே நாடா சுற்றி, மருந்து போட்டு, ஈயும் எறும்பும் புகாமல் காத்தது செத்துக்கொண்டிருக்கிறது. துருவின் ஓட்டைகள் அமிலத்தை வெளியே விட்டன. மின்நாடா அதை உள்ளே அடைத்தது. நப்தலீன் உருண்டை செய்ததெல்லாம் அந்த வாசத்தை என் மூக்குக்கு மறைத்ததுதான்.

ஆனால் முழுப் பழியையும் மூடிமீது போடவும் முடியாது. பாட்டு ரீல் பல படங்களின் துண்டுகள் சேர்ந்தது. அவற்றில் ஒன்று வரும்போதே நோயோடு வந்து மற்றவற்றுக்குக் கொடுத்திருக்கலாம். சாதாரண செலோடேப்பின் பசை உருகி அடுத்தடுத்த சுற்றுகளில் ஒட்டியிருந்தது, அதுவும் காற்றை மறித்திருக்கும். இரண்டு வர்ணப் பாட்டுகள் முற்றாக இளஞ்சிவப்பாகிவிட்டன, அது வேறு நோய். பழைய வர்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயமும் மஞ்சட் சாயமும் முதலில் மங்கும், சிவப்பு மட்டும் மிஞ்சும். பேணி எப்படி இருந்தாலும் அது நடந்திருக்கும்.

வெட்டியவர் விட்டுச்சென்றவை

ரீல்களைப் புரொஜெக்டரில் ஓட்டாமல் படமெடுத்தேன். நகத்தைக் கழற்றி, இரப்பர் உருளையால் மெல்ல இழுக்கும்படி மாற்றிய பழைய இயந்திரம், அதன் முன்னால் ஒரு கமரா. செக்கனுக்கு இரண்டு பிரேம். 1,510 மீற்றரில் ஏறக்குறைய ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் பிரேம்கள். இருபத்தேழரை மணிநேரம் என்று கணக்கு சொன்னது, ஒட்டுகள் விடுவதும் திரும்ப ஒட்டுவதுமாக ஏழு வாரம் எடுத்தது. ஒலித்தடத்தையும் சேர்த்தே படமெடுத்ததால், தென் கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் உருவான ஏ.இ.ஓ. லைட் என்ற இலவச மென்பொருளால் அந்தப் படங்களிலிருந்தே ஒலியை வாசிக்க முடிந்தது.

அப்போதுதான் அது காதில் பட்டது. இரண்டாம் ரீலில் கதாநாயகி கிணற்றடியில் நிற்கிறாள். ஒட்டு தாண்டியதும் வீட்டுக்குள் தாய் சோறு பரிமாறுகிறாள். பரிமாறும் முதல் செக்கனில் வீணையும் தபேலாவும் கேட்டு, சட்டென்று நிற்கின்றன. ஒட்டில் ஏதோ குழப்பம் என்று முதலில் நினைத்தேன். மூன்றாம் ரீலிலும் ஒரு ஒட்டுக்குப் பின் அதேபோல வயலின். நான்கு ரீலிலும் தேடினால் இப்படி ஆறு இடங்கள்.

விளக்கம் இயந்திரத்திலேயே இருக்கிறது. 16 மி.மீ. புரொஜெக்டரில் படம் ஒளிபெறும் இடமும் ஒலியை வாசிக்கும் இடமும் ஒன்றல்ல. எனவே ஒவ்வொரு படத்துக்கும் உரிய ஒலி அதற்கு 26 பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். பாட்டு தொடங்கும் படத்தைக் கண்ணால் பார்த்து வெட்டினால், பாட்டின் முதல் 26 பிரேம் ஒலி வெட்டுக்கு இந்தப் பக்கம், கதையோடு, தங்கிவிடும். ஒரு செக்கனுக்குச் சற்று அதிகம். அதேபோல் பாட்டுத் துண்டின் வாலில் அடுத்த காட்சியின் முதல் செக்கன் ஒலி ஒட்டிக்கொண்டு போய்விடும். சோறு பரிமாறும் தாயின் வாய் அசைகிறது, சொல் இல்லை. அந்தச் சொல் பிஸ்கட் பேணிக்குள் இருந்தது.

ஆறு பாட்டுகள் போயின, ஒவ்வொன்றும் ஒரு செக்கனை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்த ஆறு செக்கன்களையும் தனித்தனியாக எடுத்து அம்மாவிடம் கொண்டுபோனேன். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் காலை முதல் இரவு வரை கேட்டு வளர்ந்த தலைமுறை. முதலாவதை வைத்ததும் அடுத்த வரியைப் பாடிவிட்டார். இரண்டாவது, நான்காவது, ஆறாவது எல்லாம் அப்படியே. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் தடுமாறினார். இசைத்தட்டில் வெளிவந்த பாட்டுகளாக எனக்குக் கிடைத்தவை நான்குதான். அவற்றின் தொடக்கத்தோடு ஒப்பிட்டேன், அம்மா சொன்ன நான்கும் சரி. கணினியும் நானும் ஒரு மாலை முழுவதும் செய்த வேலையை அவர் தேநீர் ஆறுமுன் செய்திருந்தார்.

பாட்டு ரீலில் மொத்தம் பதினொரு பாட்டுகள். மூன்று இந்தப் படத்தினுடையவை, சேர்த்து 131 மீற்றர். ஒரே படம் என்பதற்காக ஒரே பிரதி என்று சொல்லிவிட முடியாது. அதற்கு எனக்குக் கைகொடுத்தது 'மழை'. ஓடியோடி விழுந்த நெடுங்கீறல்களைத்தான் எங்கள் ஊரில் படத்தில் மழை பெய்கிறது என்பார்கள். மூன்றாம் ரீலில் இடப்புறம் ஒரு தடித்த கீறல் இறங்குகிறது. ஒட்டுக்கு முன்னும் இருக்கிறது, பின்னும் இருக்கிறது. பேணியில் இருந்த வயலின் பாட்டில் அதே இடத்தில், அதே தடிப்பில், அதே மெல்லிய கிளையோடு அந்தக் கீறல் ஓடுகிறது. எனவே அது இந்த ரீலிலிருந்து வெட்டியதுதான், அதுவும் கீறல் விழுந்த பிறகு. கிணற்றடிப் பாட்டில் மழையே இல்லை, அதன் இருபுறமும் ரீலில் கொட்டுகிறது. அது பிரதி புதிதாக இருந்தபோதே வெட்டியது. ஆனால் தொலைந்த சொல் அதன் வாலில் இருந்ததால் இதே பிரதியினது என்பதில் சந்தேகமில்லை.

வெட்டிய முறையும் மாறியிருக்கிறது. முதலில் வெட்டிய இடத்தில் பிலிம் சிமெந்தால் ஒட்டிய நேர்த்தியான ஒட்டு, இன்றும் விரலுக்குத் தட்டுப்படாது. பிறகு வந்தவை எல்லாம் செலோடேப். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டில் எல்லாப் பொருளுக்கும் தட்டுப்பாடு இருந்த காலத்தில் சிமெந்து கிடைக்காமல் நாடாவுக்கு மாறியிருப்பார் என்பது என் ஊகம். அம்மாவுக்கு அது நினைவில்லை. சவர அலகு கூடக் கிடைக்காமல் அவர் தாடியோடு திரிந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஒட்டுவதா, விடுவதா

மகன் கேட்டது நியாயமான கேள்வி. "அப்பா வெட்டியதைத் திரும்ப ஒட்டிவிட்டால் படம் முழுதாகிவிடும் அல்லவா?" பிரதி சேர்ப்பவர்களும் அதைத்தான் விரும்புவார்கள். முழுமையான பிரதிக்கு ஒரு விலை, பாட்டில்லாத தமிழ்ப் படத்துக்கு வேறு விலை.

நான் மறுத்தேன். 0.7 வீதம் சுருங்கிய ரீலின் நடுவே 2.4 வீதம் சுருங்கிய துண்டை ஒட்டினால் எந்த இயந்திரத்திலும் ஓடாது, நோயையும் நாமே ஏற்றிவிட்டதாகும். இது ஒருவரும் மறுக்காத காரணம். இரண்டாவது காரணத்தை மகன் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை: அந்தப் பாட்டு ரீலும் ஒரு படம். கிண்ணியாவிலும் மூதூரிலும் சனம் எழும்ப மறுத்து எதைப் பார்த்ததோ அது அந்த வரிசையில் அதற்குள் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பிரித்து மூன்றை எடுத்தால் மிச்சம் எட்டுத் துண்டுகள்தான். கொழும்பில் இருக்கும் சக சேகரிப்பாளர் இதற்கு நேரெதிராக, மஞ்சளாகிவிட்ட சுருளை ஒரு நாளும் வைத்திருக்காதே, படமெடுத்துவிட்டு எரித்துவிடு என்றார். என் இரண்டு ரீல்கள் பச்சையானதை நினைத்தால் அவர் சொல்வதில் பிழை இல்லை. இருந்தாலும் செய்யவில்லை.

உரிமை பற்றியும் மகனுக்குப் பயம் இருந்தது. வாடகைக்கு வந்த பிரதி திரும்பிப் போகாமல் நின்றுவிட்டதோ என்று. உலகம் முழுவதும் தனியார் கையிலிருக்கும் பிரதிகள் பலவற்றின் பிறப்பு அப்படித்தான். அமெரிக்காவில் 1974-இல் நடிகர் ரொடி மெக்டவலின் வீட்டுக்கே புலனாய்வுத் துறையினர் வந்து அவருடைய சேகரிப்பை அள்ளிக்கொண்டு போனார்கள். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. இந்தப் படம் அந்த எல்லையில்தான் நிற்கிறது. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை அவர்கள் இறந்த பின்னும் 60 ஆண்டு தொடரும் என்பதால் பாட்டுகள் வேறு கணக்கு. எனவே இணையத்தில் எதையும் ஏற்றவில்லை. வீட்டாருக்கு ஒரு பிரதி, எனக்கு ஒன்று.

கணினிப் பிரதியில் மூன்று பாட்டுகளையும் உரிய இடத்தில் வைத்திருக்கிறேன். தாய் சொன்ன சொல்லும் அவள் வாய்க்குத் திரும்பிவிட்டது. வயலின் பாட்டில் பின்பாதி பசையில் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை, வலிந்து பிரித்தால் படம் பதிந்த மருந்துப்பூச்சு உரிந்துவிடும், அதை அப்படியே விட்டேன். அந்த இடத்தில் திரை கறுப்பாகி, இசைத்தட்டின் ஒலி மட்டும் போகிறது. பதினொரு மீற்றர் கிழிசலில் ஒன்பதைக் கையால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் படமெடுத்துவிட்டேன்.

நான்கு ரீல்களும் இப்போது காற்றுத்துளை போட்ட பிளாஸ்டிக் பேணிகளில், இரவில் குளிரூட்டி ஓடும் சின்ன அறையில். பாட்டு ரீல் தனியே, அட்டைப்பெட்டியில், வேறு அறையில். முற்றிய சுருளை உறைகுளிரில் வைத்தால் இன்னும் சில காலம் தள்ளலாம், அதுதான் ஏற்றுக்கொண்ட வழியும். ஆனால் 2022-இல் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டுப் பார்த்த நாட்டில், உறைந்து உருகி உறையும் பெட்டியை நம்ப எனக்கு மனம் வரவில்லை. என் இரண்டு ரீல்களையும் மாதம் ஒருமுறை சோதிக்கிறேன். பச்சை கூடவில்லை.

பிஸ்கட் பேணியை அம்மா திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி அலுமாரியில் வைத்திருக்கிறார்.

மூன்றாவது செக்கன் யாருக்கும் பிடிபடவில்லை. ஐந்தாவதை வைத்தால் அம்மா ஒருநாள் ஒரு பாட்டைப் பாடிக்காட்டுகிறார், அடுத்த முறை வேறொன்றை, அதே உறுதியோடு. இரண்டையும் பதிவுசெய்து வைத்திருக்கிறேன்.